மதக் கட்சிகள் ஆளலாமா?



இன்று நான் பேசவேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்பட்ட விஷயம், "புதிதாக ஜனநாயகம் அடைந்த ஒரு தேசத்தில் மதக் கட்சிகள் ஆட்சி செய்யலாமா?" என்பதாகும். நம்முடைய கூட்டத்தில் இப்படி ஒரு கேள்வி கேட்பானேன், "கூடாது, கூடாது" என்று கையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதானே என்று உங்களில் பலர் நினைக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டு போவதானால் நான் இவ்வளவு தூரம் வரவேண்டியதுமில்லை. நீங்கள் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதுமில்லை. மதக்காரன் செய்த தப்பை நாம் ஓயாமல் பேசிவருகிறோம். மதக்காரனை எதிர்த்து நின்றவர்கள் செய்த தப்பையும் இன்று சேர்த்துப் பேச உத்தேசித்திருக்கிறேன். அது சிலருக்குக் கசக்கலாம். கசந்தால் துப்பிவிடாமல் சற்று யோசித்துப் பாருங்கள்.

வெறும் வாதமாகப் பேசாமல் நடந்த சங்கதிகளை வைத்தே பேசுகிறேன். அவைகளில் அதிகமானவை முஸ்லிம் தேசங்களில் நடந்தவை. அதனால் இது முஸ்லிம்கள் மீது சொல்லும் குற்றம் என்று யாரும் கருதவேண்டாம். கிறிஸ்தவ தேசங்களுக்கும் வரப்போகிறேன். மதம் எந்த மதமானாலும் அதிகாரத்தில் ஏறினால் ஒரே வேலையைத்தான் செய்யும்.

2010-ம் வருஷம் டிசம்பர் மாதம் 17-ந் தேதி, துனிசியா தேசத்தில் சிதி பூசித் என்ற ஊரில் முகம்மது பூ அசீசி என்ற வாலிபன் தன்மேல் தானே தீ வைத்துக்கொண்டான். அவன் தள்ளுவண்டியில் பழமும் காய்கறியும் விற்றுப் பிழைத்தவன். அதிகாரிகள் அவனுடைய சரக்கையும் தராசையும் பறித்துக்கொண்டார்கள். கேட்கப் போன இடத்தில் நியாயம் கிடைக்கவில்லை. 2011 ஜனவரி 4-ந் தேதி அவன் இறந்தான். பத்தாம் நாள், 23 வருஷம் அந்தத் தேசத்தை ஆண்ட பென் அலி என்ற சர்வாதிகாரி தேசத்தை விட்டே ஓடினார். அடுத்த மாதம் 11-ந் தேதி எகிப்தில் ஏறக்குறைய 30 வருஷம் ஆண்ட முபாரக் பதவியை விட்டார்.

தோழர்களே! அந்தப் பழவண்டிக்காரன் கேட்டது என்ன? தராசைக் கொடு, மானத்தோடு பிழைக்க விடு என்பதைத்தான். தெருவில் கூடிய லட்சக்கணக்கான ஜனங்கள் கேட்டதும் வேலை, சுதந்தரம், மானம் இவைகளைத்தான். மோட்சத்துக்கு வழி காட்டு என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் முதல் தேர்தல் வந்தபோது ஜெயித்தவர்கள் யார்? இரண்டு தேசத்திலும் மதக் கட்சிக்காரர்களே. துனிசியாவில் 2011 அக்டோபரில் நடந்த தேர்தலில் 217 ஸ்தானங்களில் 89 ஸ்தானங்களை 'அந்நஹ்தா' என்ற கட்சி பெற்றது. எகிப்தில் முஸ்லிம் சகோதரர் சங்கத்தின் கட்சியும், அதைவிட வைதீகமான மற்றொரு கட்சியும் சேர்ந்து பார்லிமெண்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிடித்துக்கொண்டன.

இது ஏன்? ஜனங்கள் முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறியின் பதிலாகும். சர்வாதிகாரிகள் எல்லாக் கட்சிகளையும் நசுக்கினார்கள். பத்திரிகைகளின் வாயைக் கட்டினார்கள். தொழிலாளர் சங்கங்களை அடக்கினார்கள். ஆனால் மசூதியை மூட அவர்களால் முடியவில்லை. ஆகவே மசூதி ஒன்றுதான் ஜனங்கள் கூடிப் பேசக்கூடிய இடமாக மிஞ்சிற்று. முஸ்லிம் சகோதரர் சங்கம் 1928-ல் ஆரம்பிக்கப்பட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்காத ஏழைக்கு அந்தச் சங்கத்து வைத்தியசாலையில் மருந்து கிடைத்தது. ஜெயிலுக்குப் போனவர்களிலும் அவர்கள் அதிகம். அந்நஹ்தாவின் தலைவர் கன்னூஷி 20 வருஷத்துக்கு மேல் நாடு கடந்து வாழ்ந்தவர். மருந்து கொடுத்தவனுக்கும் ஜெயிலுக்குப் போனவனுக்கும் ஏழை ஓட்டுக் கொடுத்தால் அதில் ஆச்சரியமென்ன? நாம் மருந்து கொடுத்தோமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, ஓட்டு வாங்கினார்கள், ஆளட்டுமே, அதில் என்ன ஆட்சேபம் என்று கேட்கலாம். ஆட்சேபம் ஒன்றே ஒன்றுதான். ஜனநாயகம் என்பது கணக்குக் கேட்கும் ஆட்சி. ஒருவனிடம் அதிகாரத்தைக் கொடுத்து, நாலைந்து வருஷம் கழித்து, "என்ன செய்தாய்? கணக்கைக் காட்டு, சரியில்லையானால் போய்விடு" என்று சொல்லக்கூடிய உரிமைக்குத்தான் ஜனநாயகம் என்று பெயர். கோயில் தர்மகர்த்தாவிடம் கணக்குக் கேட்டால், "சாமி சொத்து, சாமிக்குத் தெரியும், உனக்கென்ன?" என்கிறானே, அந்தப் பேச்சு இராஜ்யபாரத்தில் நுழைந்துவிட்டால் கணக்கு எங்கே? மனிதன் செய்த சட்டம் தப்பாயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். கடவுள் செய்த சட்டம் என்று சொல்லிவிட்டால் மாற்றச் சொல்லுகிறவன் பாவியாகிறான். வரியைக் குறை என்று கேட்டால் எதிர்க்கட்சிக்காரன். மதச் சட்டத்தை மாற்று என்று கேட்டால் நாஸ்திகன், துரோகி. எதிர்க்கட்சிக்காரனோடு வாதாடலாம். துரோகியை என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இதற்கு ஈரானைப் பாருங்கள். 1979-ல் ஷாவை விரட்டிய பிறகு, இஸ்லாமியக் குடியரசு வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டு எடுத்தார்கள். நூற்றுக்கு 98 பேர் வேண்டும் என்றதாகக் கணக்குச் சொன்னார்கள். பிறகு தேர்தல் நடக்கவே இல்லையா? நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் தேர்தலில் யார் நிற்கலாம் என்று பொறுக்கி எடுக்க 12 பேர் கொண்ட ஒரு காவல் சபை உண்டு. அதில் 6 பேர் மத பண்டிதர்கள். அவர்களை நியமிப்பவர் பெரிய மதத் தலைவர். 2021-ல் பிரசிடெண்டு பதவிக்கு 592 பேர் பெயர் கொடுத்தார்கள். அந்தச் சபை ஒப்புக்கொண்டது 7 பேரை. 585 பேரை ஓட்டர் பார்ப்பதற்கு முன்பே கழித்துவிட்டார்கள். பந்தியில் உட்காரவைத்து, இலையும் போட்டு, கல்லும் மண்ணும் பரிமாறி, "உன் இஷ்டப்படி சாப்பிடு" என்று சொல்லுவது போன்றதே இது.

ஆகவே மதக் கட்சி ஆட்சிக்கு வருவதைக் கண்டு பயப்படுகிறவர்களுடைய பயம் பொய்ப் பயமல்ல. எகிப்திலும் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2012 ஜூன் மாதம் முர்சி என்பவர் நூற்றுக்குச் சுமார் 52 ஓட்டுப் பெற்று பிரசிடெண்டானார். 48 பேர் வேண்டாம் என்றார்கள் என்பதை அவர் மறந்தார். நவம்பர் 22-ந் தேதி, தன்னுடைய உத்தரவுகளைக் கோர்ட்டுகள் தொடக்கூடாது என்று ஒரு பிரகடனம் செய்தார். அரசியல் சட்டம் எழுதும் சபையிலிருந்து மதக் கட்சியல்லாதவர்களும் கிறிஸ்தவ சபையாரும் வெளியேறிய பின்பும், ஒரே இரவில் உட்கார்ந்து அந்தச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். மதச் சட்ட சம்பந்தமான விஷயங்களில் அல் அஸ்ஹர் பண்டிதர்களின் அபிப்பிராயத்தைக் கேட்கவேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து. டிசம்பரில் பொது ஓட்டு எடுத்தார்கள். ஓட்டர்களில் மூன்றில் ஒரு பங்கினரே வந்தார்கள். வந்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் சரி என்றார்கள். அதாவது தேசத்தில் ஓட்டுரிமையுள்ள 100 பேரில் சுமார் 21 பேருடைய சம்மதத்தின் மேல் 100 பேருக்கும் சட்டம் கட்டினார்கள். வீடு கட்டுகிறவன் அஸ்திவாரத்தைப் பாதி மனையில் போட்டுவிட்டு முழு மனைக்கும் மாடி எழுப்பினால் என்ன ஆகும்?

நிற்க, இனித்தான் எனக்குச் சொல்லப் பிரியமில்லாத சங்கதியைச் சொல்லவேண்டும்.

2013 ஜூன் 30-ந் தேதி முர்சி போகவேண்டும் என்று லட்சோபலட்சம் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அது அவர்களுடைய உரிமை. ஆனால் ஜூலை 3-ந் தேதி அவரை நீக்கியது ஜனங்களல்ல, பட்டாளம். அப்போது மத ஆட்சி ஒழிந்தது என்று கை கொட்டியவர்களில் படித்தவர்கள், எழுத்தாளர்கள், சுதந்தரம் பேசியவர்கள், நம்மைப் போன்றவர்கள் பலர். ஆகஸ்டு 14-ந் தேதி, கெய்ரோவில் ரபா சதுக்கத்தில் கூடியிருந்த முர்சி கட்சிக்காரர்களைப் பட்டாளமும் போலீசும் சுட்டுக் கலைத்தன. அந்த ஒரே நாளில், அந்த ஒரே இடத்தில், குறைந்தது 817 பேர் செத்தார்கள் என்று விசாரித்தவர்கள் கணக்கிட்டார்கள். செத்தவர்கள் மதக் கட்சிக்காரர்கள்தானே என்று நம்மில் ஒருவன் சொல்லுவானானால் அவனுடைய பகுத்தறிவுக்கும் புரோகிதனுடைய நரகத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அங்கே பகுத்தறிவு ஆட்சி வந்ததா? கேளுங்கள். முர்சியை எதிர்த்துத் தெருவில் நின்ற ஏப்ரல் 6 இயக்கத்தை 2014 ஏப்ரலில் கோர்ட்டு தடை செய்தது. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர் அதற்கு முன்பே ஜெயிலுக்குப் போனார். 2014-ல் எழுதிய புதிய அரசியல் சட்டத்தில், மதத்தை ஆதாரமாகக் கொண்ட கட்சிகள் கூடாது என்று எழுதினார்கள். ஆனால் அதே சட்டத்தில், மதச் சட்டத்தின் தத்துவங்களே சட்டங்களுக்கு முக்கிய மூலம் என்ற பழைய ஷரத்து அப்படியே இருக்கிறது. மத நிந்தனை வழக்கில் எழுத்தாளர்கள் தண்டிக்கப்படுவதும் நிற்கவில்லை. அதாவது மதக் கட்சி போயிற்று, மதம் போகவில்லை. ஜனநாயகம் மாத்திரம் போயிற்று.

இது முதல் தடவையுமல்ல. அல்ஜீரியாவில் 1991 டிசம்பரில் தேர்தலின் முதல் சுற்றில் மதக் கட்சி 188 ஸ்தானங்களைப் பெற்றுவிட்டது. அக்கட்சித் தலைவர்களில் ஒருவரே ஜனநாயகம் மதத்துக்கு விரோதம் என்று வெளிப்படையாகப் பேசியிருந்தார். அதைக் காரணம் காட்டி 1992 ஜனவரியில் பட்டாளம் புகுந்து தேர்தலை ரத்து செய்தது. விளைவு, பத்து வருஷத்துக்கு உள்நாட்டுச் சண்டை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்ச்சேதம். பத்திரிகைக்காரர்களையும் உபாத்தியாயர்களையும் தேடித் தேடிக் கொன்றார்கள். மதவெறியைத் துப்பாக்கியால் ஒழிக்கப் புறப்பட்டால் மதவெறியின் கையிலும் துப்பாக்கி ஏறும் என்பதைத் தவிர அதனால் கண்ட லாபம் என்ன?

அப்படியானால் என்னதான் வழி என்கிறீர்கள். மறுபடியும் துனிசியாவுக்கு வாருங்கள். எனக்குத் தெரிந்தமட்டில் இந்த விஷயத்தில் நாம் படிக்கவேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

அந்நஹ்தா கட்சிக்கு 89 ஸ்தானம் கிடைத்தது என்றேன். அது பாதிக்கும் குறைவு. ஆகவே மதக் கட்சியல்லாத வேறு இரண்டு கட்சிகளோடு சேர்ந்துதான் மந்திரிசபை அமைக்க முடிந்தது. இது முதல் கடிவாளம். மதச் சட்டத்தை அரசியல் சட்டத்தில் எழுதவேண்டும் என்று கட்சியிலிருந்த வைதீகர்கள் நெருக்கினார்கள். 2012 மார்ச்சு மாதம் கட்சி யோசித்து, அது வேண்டாம் என்று தீர்மானித்தது. அவர்களுக்குத் திடீரென்று ஞானம் பிறந்துவிடவில்லை. கூட்டுக்காரர் ஒப்பமாட்டார்கள், ஜனங்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள் என்ற கணக்குப் பிறந்தது. அது போதும். ஆளுகிறவனுக்கு ஞானம் வருகிற வரைக்கும் காத்திருக்க முடியாது. கணக்குத் தெரிந்தால் போதும்.

அதே 2012-ல் மற்றொரு சங்கதி நடந்தது. இதைத் தாய்மார்கள் கவனிக்கவேண்டும். துனிசியாவில் 1956-லேயே, ஒருவன் பல பெண்களைக் கட்டக்கூடாது என்றும், விவாகரத்து கோர்ட்டு மூலம்தான் நடக்கவேண்டும் என்றும் சட்டம் செய்துவிட்டார்கள். அந்தத் தேசத்தில், புதிய அரசியல் சட்டத்தின் நகலில் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை போட்டார்கள். பெண் ஆணுக்குச் சமம் என்று போடவில்லை. குடும்பத்தில் ஆணுக்குத் துணையாக நின்று அவனை நிறைவு செய்பவள் என்ற கருத்தில் போட்டார்கள். கேட்பதற்கு எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! நம் ஊரிலும் பெண்ணை அடுப்பங்கரைக்குள் தள்ளுகிறவன் "குலவிளக்கே, லட்சுமியே" என்று சொல்லித்தானே தள்ளுகிறான்? துனிசியாப் பெண்கள் இந்த இனிப்பில் மயங்கவில்லை. பழைய சட்டம் பிறந்த நாளாகிய ஆகஸ்டு 13-ந் தேதி ஆயிரக்கணக்கில் துனிஸ் நகரத் தெருக்களில் ஊர்வலம் வந்து, "நாங்கள் யாரையும் நிறைவு செய்யப் பிறக்கவில்லை, நாங்கள் முழுக் குடிகள்" என்ற கருத்தை முழங்கினார்கள். அந்த வார்த்தை நகலிலிருந்து எடுக்கப்பட்டது. பட்டாளம் வரவில்லை, துப்பாக்கி வெடிக்கவில்லை. பெண்கள் நடந்தார்கள், வார்த்தை ஓடிற்று.

இதனால் அங்கே எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைக்கவேண்டாம். தீர்க்கதரிசியைக் கேலி செய்யும் படங்களை வெளியிட்டான் என்பதற்காக ஒரு வாலிபனுக்கு ஏழரை வருஷம் தண்டனை விதித்தது அந்தக் காலத்தில்தான். 2013 பிப்ரவரி 6-ந் தேதி ஷுக்ரி பெலைத் என்ற இடதுசாரி வக்கீலை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஜூலை 25-ந் தேதி முகம்மது பிராமி என்ற அங்கத்தினரையும் அப்படியே கொன்றார்கள். மதவெறியர்களை அடக்காமல் தட்டிக்கொடுத்ததாக ஆளுங்கட்சியின்மேல் ஜனங்கள் ஆத்திரங்கொண்டார்கள். பக்கத்தில் எகிப்தில் பட்டாளம் புகுந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இங்கேயும் அதுதான் நடக்கப்போகிறது என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

ஆனால் நடந்தது வேறு. தொழிலாளர் சங்கம் நடுவில் வந்து நின்றது. அதோடு முதலாளிகள் சங்கம், வக்கீல்கள் சங்கம், மனித உரிமைச் சங்கம் மூன்றும் சேர்ந்தன. இந்த நான்கும் இரண்டு தரப்பையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தன. அரசியல் சட்டத்தை எல்லாரும் சேர்ந்து முடிப்பது, அந்நஹ்தா மந்திரிசபை விலகுவது, கட்சி சார்பற்றவர்களை வைத்துத் தேர்தல் நடத்துவது என்று ஒப்பந்தம் செய்தார்கள். 2014 ஜனவரியில் மந்திரிசபை விலகிற்று. 26-ந் தேதி புதிய அரசியல் சட்டத்துக்கு ஆதரவாக 200 ஓட்டும், எதிராக 12 ஓட்டும் விழுந்தன. மனச்சாட்சிச் சுதந்தரம் உண்டு என்றும், ஒருவனை மதத்துரோகி என்று முத்திரை குத்தித் தூண்டிவிடுவது கூடாது என்றும் அதில் எழுதினார்கள். அவ்வருஷம் அக்டோபரில் நடந்த தேர்தலில் அந்நஹ்தா 69 ஸ்தானத்துக்கு இறங்கி, தோற்றதை ஒப்புக்கொண்டது. 2016-ல் மதப் பிரசாரம் வேறு, அரசியல் வேறு என்று அக்கட்சியே மாநாட்டில் தீர்மானம் செய்துகொண்டது. அந்த நான்கு சங்கங்களுக்கும் 2015-ல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

தோழர்களே! கடவுள் பெயரால் வந்தவர்களை மேஜைக்கு இழுத்து, கணக்குக் கேட்டு, வீட்டுக்கும் அனுப்ப முடியும் என்பதை அவர்கள் காட்டினார்கள். அந்தக் கணக்கைக் கேட்டது தொழிலாளர் சங்கமேயொழிய பட்டாளமல்ல.

இந்தச் சமயத்தில் ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "ஜெர்மனியில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி என்று மதப் பெயர் கொண்ட கட்சிதானே ஹிட்லருக்குப் பின் ஆண்டது? ஜனநாயகம் கெட்டதா?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. 1949 முதல் 1963 வரை அக்கட்சியின் அடினோயர்தான் பிரதம மந்திரி. ஜனநாயகம் கெடவில்லை. ஏனென்றால் அந்தத் தேசத்து அடிப்படைச் சட்டம் ஆரம்பத்திலேயே மனிதனுடைய மானத்தை வைத்து, அதை எந்த மெஜாரிட்டியும் தொடமுடியாது என்று பூட்டுப் போட்டுவிட்டது. கட்சியின் பெயர்ப்பலகையில் கிறிஸ்து இருந்தார். பாதிரியாருக்கு மேலான சபையாக நாற்காலி போடவில்லை.

இதற்கு நேர் மாறாக அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே பெரிய கட்சிகளின் பெயரில் மதமே இல்லை. ஆனால் 1937 அரசியல் சட்டத்தில் கத்தோலிக்க சபைக்கு விசேஷ ஸ்தானம் கொடுத்து, விவாகரத்தையும் தடுத்தார்கள். 1951-ல் நோயல் பிரௌன் என்ற சுகாதார மந்திரி, தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் இலவச வைத்தியம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பிஷப்புகள் ஆட்சேபித்தார்கள். மந்திரிசபை திட்டத்தைக் கைவிட்டது. அந்த மந்திரி ராஜிநாமா செய்தார். விவாகரத்து உரிமை வர 1995 பொது ஓட்டு வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. ஆகவே பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். யார் சொல்லுக்கு யார் எழுந்து நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

துனிசியாவின் பிற்காலக் கதையும் இதைத்தான் சொல்லுகிறது. இவ்வளவு பாடுபட்டும் பழவண்டிக்காரனுக்கு வேலை கிடைக்கவில்லை. மதக் கட்சியும் கொடுக்கவில்லை. மற்றக் கட்சியும் கொடுக்கவில்லை. ஜனங்கள் சலித்துப்போனார்கள். அந்தச் சலிப்பின் மேல் ஏறிக்கொண்டு, 2021 ஜூலை 25-ந் தேதி பிரசிடெண்டு கைஸ் சையத் பார்லிமெண்டை நிறுத்திவைத்தார். அவர் எந்த மதக் கட்சிக்காரருமல்ல. சட்டப் பேராசிரியராக இருந்தவர். அவர் 2022-ல் செய்த அரசியல் சட்டத்தில், இஸ்லாமின் நோக்கங்களை நிறைவேற்றுவது அரசு ஒன்றின் கடமை என்று எழுதிவைத்தார். 2023-ல் கன்னூஷியைக் கைது செய்தார்கள். மதக் கட்சியை அடக்கிவிட்டு மதத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார் ஒருவர். திருடனைப் பிடித்தவன் திருட்டுச் சொத்தை வைத்துக்கொண்ட கதைதான்.

ஆகையால் முடிவாக என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். மதக்காரன் ஆளலாம், மதம் ஆளக்கூடாது. பக்தியுள்ளவன் தேர்தலில் நிற்பதைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. அவனுக்கு ஓட்டுப் போடுகிறவனுடைய ஓட்டும் நம்முடைய ஓட்டைப் போல ஓர் ஓட்டுத்தான். ஆனால் அவனை நாற்காலியில் உட்கார விடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு அரசியல் சட்டத்திலேயே பதில் எழுதி வாங்கிவிட வேண்டும். முதலாவது, தோற்றால் எழுந்து போவாயா? இரண்டாவது, ஓட்டர் தேர்ந்தெடுத்த சபைக்கு மேல் முல்லாவோ, பாதிரியோ, சங்கராச்சாரியோ உட்காரும் வேறு சபை உண்டா? மூன்றாவது, பெண்ணும், வேறு மதத்தானும், மதமே வேண்டாமென்பவனும் உன்னைப்போல் முழுக் குடியா? இந்த மூன்றுக்கும் சரியான பதில் சொல்லுகிறவன் நெற்றியில் எதைப் பூசிக்கொண்டாலும், தலையில் எதைக் கட்டிக்கொண்டாலும் நமக்குக் கவலையில்லை. பதில் சொல்லாதவன் நம்மைப்போல் நாஸ்திகம் பேசினாலும் அவனை நம்பவேண்டாம்.

எழுதி வாங்கினால் மட்டும் போதாது. எழுதியதைக் காப்பாற்றத் தொழிலாளர் சங்கம் வேண்டும். தெருவில் நடக்கத் துணிந்த பெண்கள் வேண்டும். ஏழைக்கு மருந்து கொடுக்கும் இடம் மசூதிக்கும் கோயிலுக்கும் மாதாகோயிலுக்கும் வெளியேயும் இருக்கவேண்டும். அது இல்லாமல், மதக் கட்சி ஜெயித்துவிட்டதே என்று தேர்தலுக்கு மறுநாள் அழுதுகொண்டு பட்டாளத்தின் வீட்டுக் கதவைத் தட்டுவது பகுத்தறிவாகாது.

தோழர்களே! நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக இவைகளை ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய் உங்கள் அறிவைக்கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு, தப்பென்று பட்டதைத் தள்ளிவிடுங்கள். தப்பை எனக்கும் எழுதுங்கள்.